ஒரே மாதிரி நாட்கள்

ஊரில் அத்தனை பேருக்கும் கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்கிற பெண்டாட்டி, தன்னைப் பார்த்தால் மட்டும் வாயடைத்து நிற்கிறாளே என்பது ஆவுடையப்பனுக்குப் பெரிய மனக்குறையாக இருந்தது.

பால்காரர் வந்து மணியடித்தால் குழல்வாய்மொழிக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படாது. "என்ன அண்ணாச்சி, பாலு இம்புட்டுத் தண்ணியா இருக்கு? பாபநாசத்துல அணையத் தொறந்துவிட்டுட்டாகளோ?" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே கொஞ்சம் கூடுதலாக ஊற்றிவிட்டுப் போவார். அதே வாசலில், அதே சிரிப்போடு புருஷன் பக்கம் திரும்புவாள். அவ்வளவுதான். கண் ஓரிடத்தில் நிலைகுத்தும். உதடு பிரிந்தபடி நிற்கும். சூடான காப்பியை ஊதி ஒரு வாய் குடித்து இறக்குகிற நேரம் ஆகும், "என்னங்க" என்ற ஒரு சொல் வர.

குழல்வாய்மொழி என்றால் திருநெல்வேலிப் பக்கம் பட்டிமன்றம் கேட்கிறவர்களுக்குத் தெரியும். மொழியக்கா பேசுகிறாள் என்றால் கடைசி நாற்காலிவரை ஆள் இருக்கும். அப்படிப்பட்டவளை ஒரு மூளைக்காய்ச்சல் வந்து சாய்த்துவிட்டது. உயிர் பிழைத்தாள், பேச்சு பிழைத்தது, சமையல் கைப்பக்குவம்கூடப் பிழைத்தது. ஆனால் முகம் ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம், நடந்தது ஒரு பக்கம் என்று எல்லாம் தனித்தனியே கிடந்தன. ஒன்றோடொன்று சேர்க்க அவளால் முடியவில்லை. மருத்துவர்கள் சிதறிக் கிடந்ததையெல்லாம் அள்ளி ஒரு கருவிக்குள் சேர்த்து, அதைக் காதுக்குப் பின்னால் ஒட்டிவிட்டார்கள். புளியங்கொட்டை அளவுதான். உடம்புச் சூட்டிலேயே ஓடும். திருநெல்வேலியில் புளியங்கொட்டையைப் புளியமுத்து என்பார்கள். அதனால் வீட்டில் அதற்கு முத்து என்றே பெயர் விழுந்துவிட்டது.

எதிரே ஆள் வந்தால், அவரைப் பற்றிய எல்லாவற்றையும் முத்து தேடி எடுத்துச் சேர்த்துக் கொடுக்கும். முதலில் யாரைப் பார்த்தாலும் தாமதம்தான். பக்கத்து வீட்டுக்காரிக்கும் தாமதம், பால்காரருக்கும் தாமதம். கேட்டுவிட்டுக் காத்திருக்க யாருக்குப் பொறுமை? "பாவம், மெதுவாச் சொல்லுங்கக்கா" என்று குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினார்கள். அதுதான் அவளை வதைத்தது. பட்டிமன்றத்தில் பதில் ஒரு மூச்சு பிந்தினால் அதற்குக் கைதட்டு கிடைக்காது, அனுதாபம்தான் கிடைக்கும். அவள் மேடைக்குப் போவதை நிறுத்தினாள்.

தை மாதம் பரிசோதனைக்குப் போனபோதுதான் ஆஸ்பத்திரியில் இந்தக் கருவியைக் கவனிக்கும் பிரிவில் வேலை பார்க்கும் ஜெசிந்தா ஒரு யோசனை சொன்னாள். ஜெசிந்தா சாயர்புரத்துப் பெண், பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறவள்.

"சமையலறைன்னு வெச்சுக்கிடுங்க சார்" என்றாள். "சாமானெல்லாம் பரண்ல இருக்கு. ஒரு ஆளப் பாத்ததும் அவருக்கு வேண்டியத எடுத்து, கழுவி, நறுக்கித் தரணும். அதுக்கு ஒரு தற்காலிக அட்டவணை போடும் முத்து. ஆளு போனதும் அழிச்சிரும். இம்புட்டு நாளும் அத டிஸ்க்லயே, அதாவது பரண்லயே உக்காந்து நறுக்கிக்கிட்டு இருந்திருக்கு. நாம அத மெமரிக்கு மாத்திருவோம். அடுப்புத் திண்டுல வெச்சு நறுக்குற மாதிரி. கையெட்டுற தூரம்."

"அப்ப முதல்லயே அங்க வெக்க வேண்டியதுதானம்மா? பரண்ல உக்காந்து யாரு காய் நறுக்குவா?"

"திண்டு சின்னது சார். பெருசாக்கினா சூடு ஏறும். காதுக்குப் பின்னால எம்புட்டுச் சூடு தாங்கும்? இன்னொண்ணு, பரண்ல வெச்சது இருக்கும். திண்டுல வெச்சது கரண்ட் போனா போயிரும். இது எப்படியும் தற்காலிகந்தான, போனாப் போவுதுன்னு துணிஞ்சு மாத்துறோம்."

மாற்றினாள். பத்து நிமிஷ வேலை. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோக்காரன் ஒரு தொகை கேட்டான். "தம்பி, ஆட்டோவுக்கு வெலை கேக்கல, வாடகைதான் கேட்டேன்" என்று மொழி சொன்னாள், அவன் வாயை மூடுவதற்குள். ஆவுடையப்பனுக்கு அந்த இடத்திலேயே கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மொழி வந்துவிட்டாள்!

ஆனால் ஊருக்குத்தான் வந்தாள், அவருக்கு வரவில்லை.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வர்த்தகர் சங்க விழாவில் தெரிந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் ஏறிய மேடை. வாழ்க்கைக்குச் சுகம் தருவது வேகமா நிதானமா என்று தலைப்பு. மொழி வேகம் கட்சி. நடுவர் புலவர் மாசிலாமணி பழைய ஆள், அவளைச் சீண்டிவிட்டு வேடிக்கை பார்ப்பதில் கெட்டிக்காரர்.

"ஏம்மா, எல்லாத்துலயும் அவசரப்பட்டா எப்படி? சோறு வேகவே நேரம் வேணுமே?"

"சோறு வேகட்டும்யா, நாங்க எதுக்குக் கூட நின்னு வேகணும்? குக்கர் வந்த அன்னைக்குத்தான் பொம்பளைக்கு நாற்காலி வந்துச்சு!"

கூட்டம் ஆரவாரித்தது. முதல் வரிசையில் ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தார். அது அவருடைய வழக்கமான இடம். எந்தத் தலைப்பானாலும் மொழி கடைசியில் வீட்டுக்காரரைத்தான் இழுப்பாள், அவர் எழுந்து கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட வேண்டும். பெயிண்ட் கடைக்காரரைக் கட்டிக்கொண்டேன், ஊருக்கெல்லாம் நூறு கலர் விற்கிறார், எங்கள் வீட்டுச் சுவரில் மட்டும் கல்யாணத்துக்கு அடித்த வெள்ளை என்பாள். சனங்கள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

"எங்க வீட்டுக்காரரையே எடுத்துக்கிடுங்க" என்று மொழி கையை நீட்டினாள். "அந்தா முன்னால உக்காந்திருக்காகள்ல..."

அவரைப் பார்த்தாள். பேச்சு நின்றது.

முதலில் கூட்டம் சிரித்தது, வேண்டுமென்றே நிறுத்துகிறாள் என்று நினைத்து. "அக்காவுக்கு வீட்டுல பயம் போல!" என்று ஒருவன் கத்தினான். பிறகு சிரிப்பு தேய்ந்தது. நாற்காலிகள் கிரீச்சிட்டன. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. நடுவர் மெல்ல மணியடித்து, "அம்மா உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். அனுதாபத்தோடு கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். ஆவுடையப்பன் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் முகத்தைப் பார்த்தாள். காத்திருந்தார்.

"வந்துக்கிட்டே இருந்துச்சுங்க" என்றாள் கடைசியில். "முடியவே இல்ல."

என்ன வந்துகொண்டே இருந்தது என்று அவர் கேட்கவில்லை. எப்படியாவது இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்ற ஒரே நினைப்புதான் அவருக்கு.

அடுத்த புதன்கிழமை பரிசோதனை நாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மொழி சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். இந்தப் பக்கம் ஜெசிந்தா திரையைப் பார்த்துக்கொண்டு, சொல்லவா வேண்டாமா என்பதுபோல நகத்தைக் கடித்தாள்.

"சார், நீங்க திண்டுல கொள்ள மாட்டேங்கிறீங்க."

"நானா? என் சட்டையெல்லாம் எனக்கே தொளதொளன்னு கிடக்கு."

"அது இல்ல சார். மத்தவங்களப் பத்தி அவங்களுக்குக் கொஞ்சந்தான் தெரியும், திண்டுலயே அடங்கிரும். உங்களப் பத்தினது நெறைய. பாதிய எடுத்து வெக்கிறப்பவே திண்டு நெறஞ்சு போவுது. நெறஞ்சா முத்து என்ன செய்யும் தெரியுமா? மொத்தத்தையும் தூக்கிக்கிட்டுப் பரணுக்கே ஏறிரும். திருப்பி முதல்லருந்து நறுக்கும். அதான் தாமதம்."

"அப்ப எங்க மககிட்ட மட்டும் உடனே பேசுதாளே?"

"அவங்க விளிம்புல தப்பிச்சிட்டாங்க. பன்னெண்டாவதுலயே ஹாஸ்டலுக்குப் போயிட்டாங்கள்ல."

கூட இருந்தவனுக்குத்தான் தண்டனையா என்று ஆவுடையப்பன் நினைத்தார். "இதுக்கு வழி?"

"சுருக்கலாம்" என்றாள் ஜெசிந்தா. "வேணுங்கிறத வெச்சுக்கிட்டு..."

"சண்டையெல்லாம் எடுத்துரு."

"சண்டை ரொம்பச் சின்னது சார்." திரையில் விரலை ஓட்டினாள். "கல்யாணம், பிள்ளை பொறந்தது, வீடு கட்டினது, இதெல்லாம் எடமே அடைக்கல. எடத்த அடைக்கிறது ரெண்டுதான். ஒண்ணு, காலையில நீங்க காப்பி குடுக்குறது. இன்னொண்ணு, பஸ் ஸ்டாண்டுல நீங்க நிக்கிறது."

வெளியூர்ப் பட்டிமன்றம் முடிந்து மொழி திரும்பும்போதெல்லாம் புதிய பேருந்து நிலையத்தில் அவர் ஸ்கூட்டரோடு நிற்பார். பின்னால் ஏறிக்கொண்டு, அன்றைக்கு யார் என்ன பேசினார்கள், எங்கே கைதட்டு விழுந்தது என்று வீடுவரை சொல்லிக்கொண்டே வருவாள். காலையில் காப்பி போடுவது அவர் வேலை. கொடுத்துவிட்டு "சீனி?" என்பார். கூடுதல் என்பாள், குறைச்சல் என்பாள், ஒருநாளும் சரி என்று சொன்னதில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக இதுதான் நடக்கிறது.

"எல்லாம் ஒரே மாதிரி நாள்" என்றாள் ஜெசிந்தா. "ஆயிரக்கணக்குல இருக்கு. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு. மாதிரிக்கு ஒண்ண வெச்சுக்கிட்டு மத்தத எடுத்துட்டா நீங்க அழகாத் திண்டுல உக்காந்துருவீங்க."

"அட, அம்புட்டுத்தானா! ஒரு காப்பிக்கும் இன்னொரு காப்பிக்கும் என்ன பெரிய வித்தியாசம்? எடுத்துரும்மா."

"அம்மாகிட்ட கேக்கணுமே?"

"நான் கையெழுத்துப் போட்டாச் செல்லும்ல?"

காய்ச்சலின்போது கொடுத்த கையெழுத்து உரிமை இன்னும் அவர் பெயரில்தான் இருந்தது. "செல்லும்" என்றாள் ஜெசிந்தா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். "சட்டப்படி செல்லும்."

"சொல்லாமச் செஞ்சாத்தான் சந்தோஷம். அவளே தெரிஞ்சுக்கிடட்டும்."

"எடுத்தத உடனே தூரப் போட மாட்டேன் சார். ஒருத்தர் நெனவுக்கு ரெண்டாவது பிரதி வெளிய எங்கயும் இருக்கக் கூடாதுன்னு சட்டம். அதனால முத்துக்குள்ளயே திண்டுக்கு அடியில ஒரு தட்டுல சுருட்டி வெக்கிறேன். பரண்ல விட்டா முத்து தேடி எடுத்துரும், இங்க தேடாது. அதுவும் மெமரிதான். முத்தக் கழட்டாத வரைக்கும் இருக்கும். ஒரு வாரம் பாருங்க. பிடிக்கலன்னா கூட்டிட்டு வாங்க, திருப்பிப் பரண்ல ஏத்திருவேன்."

"ராத்திரிகூட அவ கழட்டுறதில்லையே, பெறகென்ன?" என்றார் ஆவுடையப்பன். இருவருக்கும் அதற்குமேல் எதுவும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் அவர் கடையிலிருந்து வந்து செருப்பை விட்டார். "என்னங்க, மூக்குல பச்சைப் பெயிண்டு! கிளியா வந்தீயளா, ஆளா வந்தீயளா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஒரு நொடி தாமதமில்லை. ஆவுடையப்பன் வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அன்றைக்கு இரண்டு பேரும் பேசிய பேச்சு! மகளுக்குப் போன் போட்டு, "உங்கம்மா என்னைய வையுதா, கேளு" என்று பெருமையாகக் காட்டினார்.

மறுநாள் மொழிக்குத் தூத்துக்குடியில் ஒரு கல்லூரி விழா. மாலையில் ஆவுடையப்பன் பேருந்து நிலையத்துக்குப் போனார். அவள் இறங்கினாள், அவரைப் பார்த்தாள், உடனே முகம் மலர்ந்தது.

"அடடே, நீங்க எதுக்கு அலையுதீய? நான் ஒரு ஆட்டோவப் பிடிச்சு வந்திருப்பேன்ல."

"அதுக்கென்ன, ஏறு."

ஏறினாள். வழக்கமாகத் தோளைப் பிடித்துக்கொள்கிறவள் வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வழியில் விழாவைப் பற்றிக் கேட்டார். நன்றாக நடந்தது என்றாள். வீட்டு வாசலில் இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, "ரொம்ப நன்றிங்க" என்றாள்.

ஆவுடையப்பன் வண்டியை நிறுத்தத் தெரியாமல் கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். அசதியாக இருக்கும் என்று தேற்றிக்கொண்டார்.

விடிந்து காப்பி கொண்டுபோனார். "சீனி?" என்றார்.

"எப்படி இருந்தாலும் குடிச்சுக்கிடுவேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்? நன்றிங்க."

தம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். விருந்துக்கு வந்த வீட்டில் வாங்கிக்கொள்வதுபோல.

நன்றி! பட்டிமன்றம் முடிந்து சால்வை போர்த்தினவர்களுக்குச் சொல்வாள், மைக் செட்காரருக்குச் சொல்வாள். அந்த வீட்டுக்குள் அந்தச் சொல் புழங்கியதே இல்லை. ஆவுடையப்பன் கடைக்குப் போனார். ஒருவர் வந்து ஜன்னலுக்கு நீலம் கேட்டார், இவர் பச்சையைக் கலந்து கொடுத்தார். அவளுக்கு இப்போது தன்னைத் தெரிகிறது. கல்யாணம் தெரிகிறது, பிள்ளை பெற்றது தெரிகிறது. ஆனால் ஒரே ஒருநாள் காப்பி போட்டுக் கொடுத்தவனை, ஒரே ஒருநாள் பேருந்து நிலையத்துக்கு வந்தவனை என்ன செய்ய முடியும்? மரியாதைதான் கொடுக்க முடியும்.

ஜெசிந்தாவுக்குப் போன் செய்தார். "யம்மா, அந்த நாளெல்லாத்தையும் திருப்பி வெச்சிரு."

"எதுவும் பிரச்சினையா சார்?"

"ஒரு பிரச்சினையும் இல்ல. அதான் பிரச்சினை."

"சரி சார், இப்பவே கூட்டிட்டு வாங்க. முத்தக் கழட்டலைல்ல?"

"இல்ல, இல்ல" என்று சொல்லும்போதே அவர் பார்வை சுவரில் மாட்டியிருந்த காலண்டருக்குப் போனது. வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை என்றால் எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சி, உச்சியில் வைத்து ஊறவிடுவாள். எண்ணெய் பட்டால் முத்து கெட்டுப்போகும், அதனால் கழற்றி வைத்துவிட்டுத்தான் குளிப்பாள். வாரா வாரம் நடக்கிற காரியம். இதுவரை அதனால் எதுவும் போனதில்லை, எல்லாம் பரணில் இருந்தது. விடுதியில் ஷாம்பூ போட்டுக் குளிக்கிற ஜெசிந்தாவுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. வெள்ளிக்கிழமைகளில் கடையில் இருந்தாலும் ஆவுடையப்பனுக்குத் தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை.

கடையைத் திறந்துபோட்டுவிட்டு வண்டியை விரட்டினார். தெருமுனையிலேயே காய்ச்சிய எண்ணெய் வாசம் வந்துவிட்டது.

பின்வாசல் வெயிலில் முக்காலி போட்டு மொழி உட்கார்ந்திருந்தாள். தலைமயிர் முழுவதும் எண்ணெய். ஜன்னல் கட்டையில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். கிண்ணத்துக்குள் முத்து. தொட்டுப் பார்த்தார், சில்லிட்டுக் கிடந்தது.

ஆளரவம் கேட்டு மொழி திரும்பினாள். முத்து இல்லாதபோது அவளுக்கு யாரையும் தெரியாது. ஆனாலும் பயப்பட மாட்டாள், வீட்டுக்குள் வருகிறவர் வேண்டியவராகத்தான் இருப்பார் என்று ஒரு நம்பிக்கை.

"பால்காரரா?" என்றாள். "அந்தா செம்பு வெச்சிருக்கேன் பாருங்க."

"ஆமா" என்றார் ஆவுடையப்பன். "பால்காரன்தான்."

பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் சீயக்காய் போட்டு அலசி, ஈரத்தலையைத் துவட்டி, காதுக்குப் பின்னால் துடைத்து முத்தை ஒட்டிக்கொள்ளும்வரை உட்கார்ந்தே இருந்தார்.

"ஏங்க, கடைய அடைச்சிட்டா வந்தீய?" என்றாள் உடனே.

சொல்லிவிட்டார். பரண், திண்டு, தட்டு எல்லாவற்றையும் சொன்னார். கையெழுத்துப் போட்டதையும் சொன்னார்.

"முப்பது வருசத்த ஒத்தத் தம்ளர்ல ஊத்திட்டீயளாக்கும்" என்றாள். சிரிக்கவில்லை. பிறகு, "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?" என்றாள்.

"நீ மேடையில நின்ன நெலையப் பாத்து..."

"மேடை என் மேடை. தல என் தல. நின்னா நான் நிக்கேன்." குரல் உயரவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் உறைத்தது. "எனக்கு இப்ப அழுகையா வருது. ஆனா எதுக்கு அழணும்னு தெரியல. போனது என்னன்னு தெரிஞ்சால்ல அழ முடியும்? உங்களுக்குத்தான் தெரியும். நீங்கதான் அழணும், எனக்கும் சேத்து."

அவர் அழுதார். அவள் ஈரத்துண்டின் காய்ந்த முனையை அவரிடம் நீட்டினாள்.

"நான் ஒவ்வொண்ணாச் சொல்லுதேன் மொழி. எனக்கு நெனப்பிருக்கு. ஒருதரம் மழையில..."

"வேண்டாம். நீங்க சொன்னா அது நீங்க சொன்ன கதையாத்தான் இருக்கும். என் நாளா இருக்காது." எழுந்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வாசற்படியில் நின்று, "இனிமே என் தலையில எதையாவது எடுக்கணும்னா என்னையக் கேளுங்க" என்றாள்.

மறுநாள் காலையில் ஆவுடையப்பன் காப்பி கொண்டுபோனார். "சீனி?" என்றார். "போதும்" என்றாள். அதற்கு மறுநாளும் கொண்டுபோனார். வெளியூர்ப் பட்டிமன்றம் முடிந்து அவள் திரும்பிய நாளெல்லாம் பேருந்து நிலையத்தில் நின்றார். வீண் அலைச்சல் என்று முதலில் சொன்னாள், பிறகு சொல்வதை விட்டாள். ஒருநாள் வண்ணார்பேட்டை மேம்பாலத்துக்கு முன்னால் பேட்டரி ஸ்கூட்டரில் சார்ஜ் தீர்ந்து, இருவரும் வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். அடுத்த மாதமும் அதேபோல ஆனது. ஒருநாள் காப்பியை வாயில் வைத்துவிட்டு, "இது காப்பியா, பாயசமா?" என்றாள். ஆவுடையப்பன் அதை அடுக்களையில் போய் நின்று தனியே அனுபவித்தார்.

மேடையில் அவள் கொடி பறந்தது. தன்னைப் பார்த்து மறுபடியும் பேச்சு நின்றுவிடக் கூடாது என்று முதல் வரிசையில் அவர் உட்காருவதில்லை. பந்தலுக்கு வெளியே மைக் செட்காரர் பக்கத்தில் நின்று கேட்பார். மொழியோ முதல் நாற்காலியைக் காலியாகப் போடச் சொல்லி, அதைக் காட்டியே வீட்டுக்காரரைக் கிண்டல் செய்தாள். சனங்கள் அந்த நாற்காலியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

புரட்டாசியில் பரிசோதனைக்குப் போனபோது ஜெசிந்தா அவரைத் தனியே கூப்பிட்டாள். அன்றைக்கு நடந்ததிலிருந்து அவர் முகத்தை நேரே பார்க்க அவளுக்குக் கொஞ்சம் கூச்சம்.

"சார், உங்க பேரு மறுபடியும் விளிம்புக்கு வந்துட்டு. இன்னும் கொஞ்ச நாள்ல திண்டுல கொள்ளாது."

"அதுக்குள்ளயா? போனது முப்பது வருசம்லம்மா?"

"பழைய நாளெல்லாம் மங்கலாப் பதிஞ்சது. இப்ப நடக்குறத முத்து ஒண்ணு விடாம முழுசாப் பதியுது, அதனால எடம் ஜாஸ்தி." தயங்கினாள். "இன்னொண்ணும் இருக்கு. அன்னைக்கு சுருக்கினப்ப, இனிமே வர்ற ஒரே மாதிரி நாளையும் தானாவே ஒண்ணாக்கிரும்படி வெச்சிருந்தேன். அம்மா மறுவாரமே தனியா வந்து, உங்க பேருக்கு மட்டும் அத நிறுத்தச் சொல்லிட்டாங்க. தாமதம் திரும்பி வரும்னு எடுத்துச் சொன்னேன். கையெழுத்து உரிமையையும் அவங்க பேருக்கே மாத்திக்கிட்டாங்க."

"என்ன சொன்னா?"

"'அந்த மனுசன் ஒருநாள் போட்ட மாதிரி மறுநாள் காப்பி போட்டதில்ல, அத எப்படிம்மா ஒண்ணாக்குவ?'ன்னு கேட்டாங்க."

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், ராஜபாளையம் பஸ் வந்து நின்றது. மொழி கையில் சால்வைப் பையோடு படியில் இறங்கினாள். ஸ்கூட்டர் பக்கத்தில் நின்ற ஆவுடையப்பனைப் பார்த்தாள்.

முகம் உடனே மலரவில்லை. கண் ஓரிடத்தில் நிலைகுத்தியது. உதடு பிரிந்தபடி நின்றது. பின்னால் இறங்க வந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள்.

"யக்கா, எறங்குங்க, வழிய மறிச்சுக்கிட்டு!" என்றார் கண்டக்டர்.

"அவசரப்படுத்தாதீங்க" என்றார் ஆவுடையப்பன். "வந்துக்கிட்டு இருக்கு."

கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆவுடையப்பன் அசையாமல் நின்றார். சூடான காப்பியை ஊதி ஒரு வாய் குடித்து இறக்குகிற நேரம் ஆனது. அவளுடைய கண்ணில் ஒவ்வொன்றாக வந்து போவதை இந்தத் தடவை அவரும் பார்த்தார். வந்துகொண்டே இருந்தது. முடிகிறபடியாக இல்லை.

"என்னங்க" என்றாள் மொழி. படியிலிருந்து இறங்கி வந்து அவர் தோளைப் பிடித்தாள். "வண்டில சார்ஜ் இருக்கா? இல்ல, இன்னைக்கும் தள்ளிக்கிட்டுத்தான் போகணுமா?"

பேட்டரி நிறைய இருந்தது. மத்தியானம்தான் கடையில் போட்டு ஏற்றியிருந்தார்.

"தள்ளணும்" என்றார்.